கேட்டுக் கொடுக்கும் கரண்ட், கேட்காமல் கொடுக்கும் கரண்ட்

தர்மபுரி மாவட்டத்தில் ஃபைபர் கேபிள் போய்ச் சேர்ந்த ஊர்கள் நிறைய. சேராத மலையடி ஊர்களும் இருக்கின்றன. அரூரைத் தாண்டி சித்தேரி மலைப் பக்கமும், பென்னாகரத்தைத் தாண்டி ஏரியூர்ப் பக்கமும் போனால், மொட்டை மாடிக் குழாய்க் கம்பங்களில் வெள்ளையாகச் சின்னச் சின்னத் தட்டுகளைப் பார்க்கலாம். எதிரே சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இன்னொரு தட்டிலிருந்து இணையத்தைக் காற்றில் வாங்கி, கீழே ஒரு கேபிள் வழியாக வீட்டுக்கும் கடைக்கும் பள்ளிக்கும் இறக்குகிற கருவி அது. ரேடியோ என்போம். 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மத்திய அரசு உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்ட பிறகு இந்த வேலை பெருகியது. அந்தப் பெருக்கத்தில்தான் நானும் உள்ளே வந்தேன்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் ஒரு பழைய டிவி மெக்கானிக். படக்குழாய் டிவிகள் வழக்கொழிந்ததும் கேபிள் வேலைக்கு வந்து, அங்கிருந்து ரேடியோ வேலைக்கு மாறியவர். அரூர்ப் பக்கம் அவருக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

சிக்னல் பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் கடினம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். என்னை மாதக்கணக்கில் அலைக்கழித்தது சிக்னல் அல்ல. கம்பத்தின் உச்சியில் இருக்கும் ரேடியோவுக்குக் கரண்ட் போகும் வழிதான் அலைக்கழித்தது. கம்பத்து மேலே பிளக் பாயிண்ட் கிடையாது. அதனால் இணையம் போகிற அதே கேபிளில் கரண்டையும் ஏற்றி அனுப்புகிறோம். பவர் ஓவர் ஈத்தர்நெட் என்பது முழுப் பெயர், கடையில் பி.ஓ.இ. என்போம். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். எங்கள் பக்கம் அதிகம் ஓடும் 100 மெகாபிட் ரேடியோக்களில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் தகவலைச் சுமக்கும். நீல ஜோடியில் பாசிட்டிவும் பழுப்பு ஜோடியில் நெகட்டிவும் போகும். ஜாக்கில் எண்ணிப் பார்த்தால் 4, 5 பாசிட்டிவ், 7, 8 நெகட்டிவ்.

முதலில் ஜாக் அடிக்கக் கற்றேன். கேபிளின் மேல்தோலை வட்டமாகக் கீறி உருவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பியின் தோலும் வெட்டுப்படும். எட்டுக் கம்பிகளையும் வரிசைப்படுத்தி, நகத்தால் நீவி நேராக்கி, ஒரே மட்டமாக வெட்டி, ஜாக்குக்குள் முட்டும் வரை தள்ளி, கிரிம்பரை அழுத்த வேண்டும். கம்பிகள் ஜாக்கின் முன்சுவரில் முட்டும்போது விரல் நுனியில் ஒரு சின்ன எதிர்ப்பு தெரியும். அது தெரிய எனக்கு வெகு நாட்கள் ஆயின. அண்ணன் என் ஜாக்கை வாங்கி, ஒன்றும் பேசாமல் ஒரு இழுப்பு இழுப்பார். தோல் நழுவினால் கட்டிங் பிளேயரால் வெட்டிக் கீழே போட்டுவிடுவார். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதே என்று நான் காட்டினாலும் கேட்க மாட்டார்.

"டெஸ்டர் ஒரு துளி கரண்ட்தான்டா அனுப்புது. ரேடியோவுக்கு அந்தத் துளி போதுமா?"

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. விளக்கு எரிந்தால் சரி, எரியாவிட்டால் தப்பு என்ற கணக்கில்தான் இருந்தேன்.

அடுத்தது மல்டிமீட்டர். அவரிடம் இருந்தது டிவி காலத்து முள் மீட்டர். கடையில் குவிந்து கிடந்த அடாப்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தப் பின்னில் பாசிட்டிவ், எந்தப் பின்னில் நெகட்டிவ், எத்தனை வோல்ட் என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். 24 வோல்ட் வந்தது. 48 வோல்ட் வந்தது. 12 வோல்ட்டும் வந்தது. பழைய மோட்டோரோலா கேனோபி அடாப்டர் ஒன்றில் முள் எதிர்ப்பக்கம் அடித்தது. அதில் பாசிட்டிவ் 7, 8இல், நெகட்டிவ் 4, 5இல். எல்லாவற்றின் வாயும் ஒன்றுபோலத்தான் இருந்தது, எந்த ஜாக்கும் எதிலும் சொருகும். பார்வைக்கு ஒரே பொருளாகத் தெரிகிற இவை உள்ளுக்குள் இத்தனை வேறாக இருக்கும் என்பதை அந்த முள்தான் என் கண்ணுக்குக் காட்டியது.

"மூணையும் சொல்லிட்டு அப்புறம் சொருகு" என்பார். அவசரமாக ஒரு வாடிக்கையாளர் வாசலில் நின்றாலும் அந்த விதி மாறாது.

விதி ஏன் என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு பள்ளிக்கூட வேலை. அங்கே ஏற்கெனவே கண்காணிப்புக் கேமராக்களுக்காக பி.ஓ.இ. ஸ்விட்ச் ஒன்று வைத்திருந்தார்கள். ரேடியோவுக்குத் தனி அடாப்டர் எதற்கு, ஸ்விட்ச்சிலேயே கரண்ட் வருகிறதே என்று ரேடியோ கேபிளை நேராக அதில் சொருகினேன். விளக்கு எரியவில்லை. ஜாக்கை வெட்டி மறுபடி அடித்தேன். வேறு துளையில் சொருகினேன். பக்கத்துத் துளையில் கேமரா நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ரேடியோதான் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, வெயிலில் கம்பம் ஏறிக் கழற்றி, பையில் போட்டுக்கொண்டு அரூருக்கு பஸ் ஏறினேன். பள்ளியில் அன்று இணையம் இல்லை.

கடையில் அண்ணன் அதன் சொந்த அடாப்டரைப் போட்டார். விளக்கு எரிந்தது.

"ரேடியோ நல்லாத்தான்டா இருக்கு. இது கரண்ட் வாங்குற விதம் வேற, அந்த ஸ்விட்ச் கொடுக்குற விதம் வேற" என்றார். ஸ்விட்ச் கேட்டுக் கொடுக்கும், அடாப்டர் கேட்காமல் கொடுக்கும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. எப்படிக் கேட்கிறது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

2003இல் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 802.3ஏஎஃப் என்று ஒரு தரம் வகுத்தது. அதன்படி ஸ்விட்ச் முதலில் கரண்ட் தராது. 10 வோல்ட்டுக்கும் கீழான மெல்லிய அழுத்தத்தை அனுப்பி, மறுமுனையில் ஏறத்தாழ 25,000 ஓம் தடை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். இருந்தால், இது பி.ஓ.இ. வாங்கத் தெரிந்த கருவி என்று எடுத்துக்கொண்டு 48 வோல்ட் அளவில் திறந்துவிடும். இல்லாவிட்டால் பேசாமல் இருந்துவிடும். கணினியைச் சொருகினாலும் எரியாமல் காப்பதற்காக அந்த ஏற்பாடு. 24 வோல்ட் ரேடியோவுக்குள் அந்தத் தடை கிடையாது. ஸ்விட்ச் கேட்டது, ரேடியோ பதில் சொல்லவில்லை. இரண்டிலும் கோளாறு இல்லை.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து 22,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் 3,300 ஓம் ஒன்றையும் எடுத்துப் பற்றவைத்துச் சேர்த்தார். ஒரு பி.ஓ.இ. ஸ்விட்ச்சின் ஆரஞ்சு, பச்சை ஜோடிகளுக்கு நடுவே அதை வைத்தார், ஏனென்றால் பல ஸ்விட்ச்கள் தகவல் போகும் ஜோடியிலேயே கரண்டையும் ஏற்றுகின்றன. முள் மீட்டரையும் குறுக்கே பிடித்தார். முள் 48 பக்கம் துள்ளி எழுந்தது. உடனே விழுந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி எழுந்தது, விழுந்தது. கரண்ட் திறந்த பிறகு மறுமுனை குறைந்தது 10 மில்லிஆம்பியராவது இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஸ்விட்ச் மூடிக்கொள்ளும். அந்த ரெசிஸ்டர் இழுப்பதோ 2 மில்லிஆம்பியர்தான். நான் தாளில் படித்ததை அவர் கையில் செய்து காட்டினார். இருவரும் வெகுநேரம் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்கு ஒன்றைச் சொல்லித் தர எனக்கும் முடிந்தது என்ற மகிழ்ச்சி இன்றும் மனதில் இருக்கிறது.

பள்ளியில் ஸ்விட்ச் கேட்டுக் கொடுப்பதாக இருந்ததால் ரேடியோ கருகாமல் தப்பியது. கேட்காமல் கொடுக்கும் கரண்ட் என்ன செய்யும் என்பதைக் கம்பைநல்லூர்ப் பக்கத்து இணைய மையக்காரர் ஒருவர் கொண்டுவந்த ரேடியோவில் பார்த்தேன். கோடை மழை இடியில் அவருடைய 24 வோல்ட் அடாப்டர் போய்விட்டது. கடையில் கிடைத்த 48 வோல்ட் அடாப்டரை வாங்கிப் போட்டிருக்கிறார். "சரியா சொருகுச்சுங்க, அதான் இதுவும் அதேதான்னு நெனச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டும் கறுப்புப் பெட்டி, இரண்டிலும் பி.ஓ.இ. என்று எழுதியிருந்தது.

மூடியைத் திறந்ததும் கருகிய வாசனை வந்தது. கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு கெபாசிட்டர் தலை உப்பி நின்றது. அதன் மேல் 35 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. பக்கத்திலிருந்த ரெகுலேட்டர் சிப்பின் நடுவே சின்னக் குழி. கெபாசிட்டரையும் சிப்பையும் மாற்றிப் பார்க்கலாம் என்று பற்றவைப்பானோடு பல மாலைகள் உட்கார்ந்தேன். சிப்பை எடுக்கும்போது பலகையின் செம்புத் தடம் உரிந்து வந்தது. உரிந்த தடத்துக்கு மெல்லிய கம்பி வைத்து இணைத்தேன். கரண்ட் ஏறியது, விளக்கும் எரிந்தது, ஆனால் ரேடியோ எழுந்திருக்கவில்லை. அதிக வோல்ட் அதற்குள் மூளைவரை போய்விட்டிருந்தது. சான்றிதழுக்கும் பட்டா நகலுக்கும் அவர் மையத்தை நம்பி வருகிற ஊர் அது. புது ரேடியோ வாங்க அவருக்குப் பணம் சேரும் வரை பழைய ரேடியோ ஒன்றை அண்ணன் இரவலாகக் கொடுத்தார்.

அதன் பிறகு பெட்டி மேல் எழுதியிருப்பதை முழுதாகப் படிக்கும் பழக்கம் வந்தது. யுபிக்விட்டியின் நானோஸ்டேஷன் வகைகள் பல 24 வோல்ட்டில் ஓடுகின்றன. மைக்ரோடிக் பலகைகள் பலவற்றில் 8 முதல் 30 வோல்ட் வரை என்று தளர்வாக விட்டிருக்கிறார்கள். யுபிக்விட்டியின் ஏசி லைட் என்ற வைஃபை கருவி முதலில் 24 வோல்ட்டில் மட்டும் வந்தது, பிறகு அதே பெயரில் 802.3ஏஎஃப் கரண்டையும் ஏற்கும்படி வந்தது. மாடல் பெயர் தெரிந்தால் போதும் என்று இருக்க முடியாது. 48 வோல்ட் ஸ்விட்ச்சில்தான் 24 வோல்ட் ரேடியோவை மாட்ட வேண்டுமென்றால் நடுவில் வைக்க ஒரு சின்ன மாற்றி கிடைக்கிறது. ஸ்விட்ச் பக்கம் 25,000 ஓம் பதிலைச் சொல்லி 48ஐ வாங்கி, ரேடியோ பக்கம் 24ஆக இறக்கித் தரும். அந்தப் பள்ளியில் கடைசியில் அதைத்தான் வைத்தோம்.

என்னை அதிகம் சோதித்தது சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு பாறை மேல் நின்ற ரேடியோ. அங்கே கரண்ட் கம்பம் இல்லை. கீழே ஒரு கொட்டகையில் சூரியத் தகடு, 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கோத்து 24 வோல்ட். 24 வோல்ட் ரேடியோக்கள் இந்த வகை இடங்களுக்கு ஏற்றவை, நடுவில் எந்த மாற்றியும் வேண்டாம். கொட்டகையிலிருந்து பாறை உச்சிக்கு ஏறத்தாழ 80 மீட்டர் கேபிள். பகலெல்லாம் நன்றாக ஓடும். மாலையில் ஊர் வேலை முடிந்து வந்து எல்லோரும் போனை எடுத்ததும் ரேடியோ அணைந்து எழும், அணைந்து எழும்.

மாலையில் கூட்டம் சேர்வதால் அலைவரிசை நெரிசல் என்று நினைத்துச் சேனல் மாற்றினேன். தீரவில்லை. தட்டைத் திருப்பிச் சிக்னலை இன்னும் கூட்டினேன். தீரவில்லை. ரேடியோவையே மாற்றினேன், புதியதும் அதே மாதிரி அணைந்து எழுந்தது. பாறை உச்சியில் கேபிள் முனையில் மீட்டர் வைத்தேன், 23 வோல்ட் காட்டியது. பேட்டரியிலும் 23. கரண்டில் குறை இல்லை என்று எழுதிக்கொண்டேன். ஊர்க்காரர்கள் கோபப்படவில்லை. "இன்னிக்காவது வருமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அண்ணன் தன் டிவிஎஸ் வண்டியில் வந்தார். பையில் அவரே செய்த ஒரு சாமான் இருந்தது. லாரி எலக்ட்ரிக் கடையில் வாங்கிய 24 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்புகள் இரண்டு, அவற்றோடு இரண்டு ஜாக்குகள். ஒரு ஜாக் நீலம், பழுப்பு ஜோடிக்கு, இன்னொன்று ஆரஞ்சு, பச்சை ஜோடிக்கு. கேட்காமல் கொடுக்கும் 24 வோல்ட் என்றால் பல்பு எரியும். கேட்டுக் கொடுக்கும் ஸ்விட்ச் என்றால் எரியாது, ஏனென்றால் பல்புக்குள் 25,000 ஓம் இல்லை. கேட்காமல் கொடுக்கும் 48 என்றால் பளீரென்று எரிந்து போய்விடும், ரேடியோ பிழைத்துக்கொள்ளும். இரண்டு லாரி பல்பில் ஒரு பாடமே இருந்தது.

கொட்டகையில் பல்பைச் சொருகினார், பளிச்சென்று எரிந்தது. உச்சிக்கு ஏறிச் சொருகினார், மங்கலாகச் சிவந்து நின்றது. எரியும்போதே மீட்டர் வைக்கச் சொன்னார். 17 வோல்ட். பல்பைக் கழற்றினார், 23. சொருகினார், 17.

"சும்மா இருக்குற கேபிள்ல அளந்தா எல்லாம் சரியாத்தான் காட்டும். வேலை வாங்கிட்டு அள."

டெஸ்டர் ஒரு துளி கரண்ட்தான் அனுப்புகிறது என்று முன்பு சொன்னதும் அந்த நொடியில் சேர்ந்து விளங்கியது. மீட்டரும் ஒரு துளிதான் இழுக்கிறது. கரண்ட் ஓடாதபோது கேபிளில் இழப்பே இல்லை. ஓடும்போதுதான் வழியெல்லாம் குறையும், சொட்டுநீர்க் குழாயில் கடைசித் தக்காளிச் செடிக்கு வந்து சேரும் தண்ணீர் மாதிரி. இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. ரேடியோவுக்கு வேண்டிய வாட் மாறாது. வோல்ட் குறைந்தால் அது ஆம்பியரைக் கூட்டி இழுக்கும், கூட்டி இழுத்தால் கேபிளில் இன்னும் குறையும். மாலையில் வேலை ஏறும்போது அந்தச் சுழலில் சிக்கித்தான் அது அணைந்தது. 802.3ஏஎஃப் தரத்திலேயே ஸ்விட்ச் 15.4 வாட் கொடுத்தால் மறுமுனைக்கு 12.95 வாட்தான் உறுதி என்று எழுதியிருக்கிறார்கள். மீதியை வழி தின்னும் என்று அவர்களே கணக்கில் கழித்துவிட்டார்கள். 48 வோல்ட் போன்ற உயர்ந்த அழுத்தம் உதவுவதும் இங்கேதான். வோல்ட் இரட்டித்தால் ஆம்பியர் பாதியாகும், கேபிளில் வீணாவது கால்பங்காகும்.

அண்ணன் கேபிள் முனையை உரித்து ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டினார். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய கேபிள். செம்பைவிட ஒன்றரை மடங்கு தடை. கையில் தூக்கினாலே எடை குறைவு தெரியும், கம்பியை நாலைந்து முறை மடக்கினால் சட்டென்று ஒடிந்துவிடும். செம்பு வளையும், எளிதில் ஒடியாது. இப்போது எந்தப் பெட்டியிலும் எழுதியிருப்பதைவிட என் விரல்களைத்தான் நம்புகிறேன். கேபிளைத் தடவிக்கொண்டே கீழே வந்தபோது பாதி வழியில் ஒரு கல்லுக்கு அடியில் இணைப்பு ஒன்று இருந்தது. திறந்தால் பின்களில் பச்சைக் களிம்பு. முழுச் செம்புக் கேபிளை ஒரே நீளமாக இழுத்தோம். ரேடியோவுக்குள் கேபிள் கீழிருந்து நுழையுமாறு, நுழையுமுன் ஒரு தொங்கல் விட்டு, மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடுமாறு கட்டினோம். மாலையில் ரேடியோ அணையவில்லை.

இதெல்லாம் எங்கள் மாவட்டத்து மலைக்கு மட்டும் உரிய தொல்லை என்று எண்ணியிருந்தேன். தேனியைச் சுற்றி அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமப் பார்வை மையங்களை நெடுந்தூர வைஃபையில் இணைத்து, மருத்துவர் நோயாளியைக் காணொளியில் பார்க்க வழி செய்தது. அதை அமைத்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரையைப் பின்னாளில் படித்தேன். கிராம வலைப்பின்னல்களை நிறுத்தியதில் ரேடியோவைவிடத் தரமற்ற மின்சாரத்துக்கே பெரிய பங்கு என்று அவர்களும் கண்டிருந்தார்கள். அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். "அவங்களும் ஏறி இறங்கியிருக்காங்க" என்றார், மரியாதையோடு.

இன்னும் சில பழக்கங்கள் அவரிடமிருந்து வந்தவை. கரண்ட் ஓடும்போது ஜாக்கைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கும் பொறியில் பின்னின் தங்கப் பூச்சு கருகும், முதலில் அடாப்டரை அணைக்க வேண்டும். இடி இறங்கும் மாதங்களுக்கு முன்பே எர்த் கம்பியைச் சோதிக்க வேண்டும். எங்கள் பாறை மண்ணில் எர்த் எளிதில் கிடைப்பதில்லை, அந்தப் பாடு தனிக்கட்டுரைக்கு ஆகும்.

பிறகு ஏரியூர்ப் பக்கம் ஒரு வேலையைத் தனியாக முடிக்க அனுப்பினார். கேபிள் இழுத்து, ஜாக் அடித்து, பல்பு போட்டு அளந்து, ரேடியோ ஏற்றி முடித்த மறுநாள் பார்க்க வந்தார். ஜாக்கைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கட்டிங் பிளேயரை வெளியே எடுக்கவில்லை. கீழே இறங்கி, டீ சொல்லச் சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கும், வீட்டிலோ கடையிலோ பள்ளியிலோ ரேடியோ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரேடியோவோடு வந்த அடாப்டரைத் தனியே பிரித்து வைக்காதீர்கள். எத்தனை வோல்ட், எந்தப் பின் பாசிட்டிவ், கேட்டுக் கொடுப்பதா கேட்காமல் கொடுப்பதா என்பதை அழியாத மார்க்கரில் அடாப்டர் மேலும், கேபிளின் இரு முனைகளிலும், ரேடியோவின் அடியிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் இல்லாத நாளில் அதைத் தொடப் போகிறவர் வேறு ஒருவர்.